ஆற்றைப் பார்த்த இரண்டு அறைகள்

மனைவி ஜானகி போய்ச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. ஒரு மத்தியானம் மயிலாப்பூர் வீட்டில் தொலைபேசி அடித்தது. அனந்தராமன் எடுத்தார்.

"மிஸ்டர் அனந்தராமன்? கங்கிராஜுலேஷன்ஸ் சார்!" என்றாள் ஒரு பெண். கிரெடிட் கார்டு கொடுத்த வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னாள். "இந்த வருஷம் உங்க கார்டுல பாயிண்ட்ஸ் ரொம்ப சேர்ந்திருக்கு சார். சிங்கப்பூருக்கு ரெண்டு பேர் பிசினஸ் கிளாஸ்ல போயிட்டு வரலாம். ஃபைவ் ஸ்டார் ஹோட்டல்ல மூணு நாள் தங்கலாம். எல்லாம் ஃப்ரீ. நீங்களும் மேடமும் எப்ப போறீங்கன்னு சொன்னா புக் பண்ணிடலாம்."

அவருக்கு முதலில் எதுவும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அந்தக் கார்டில் அவர் புடவையோ நகையோ வாங்கியதில்லை. அடையாற்றில் ஜானகியைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியில்தான் அதை நீட்டினார். ஊசிக்கு, ஸ்கேனுக்கு, ரத்தத்துக்கு, கடைசியில் அந்தக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்த படுக்கைக்கு. பணத்தைப் பையில் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம் என்று கார்டை வாங்கிக் கொடுத்தவள் மகள் மதுவந்தி. ஒவ்வொரு தடவை அவர் கையெழுத்துப் போட்டபோதும் எங்கேயோ ஒரு கணினி புள்ளி போட்டுக்கொண்டே வந்திருக்கிறது.

"மேடம் இல்லை" என்றார். ரிசீவரை வைத்துவிட்டார்.

சாயங்காலம் மதுவந்தி நந்தனத்தில் இருந்த கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து திரும்பியதும் விஷயத்தைச் சொன்னார். அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"பாயிண்ட்ஸ் அடுத்த வருஷக் கடைசி வரைக்கும் இருக்கும்பா. அப்புறம் போயிடும்."

"போகட்டுமே. அவ செத்ததுக்கு எனக்குப் பிரைஸா?"

மதுவந்தி உள்ளே போய்விட்டாள். அந்த வீட்டில் இப்போதெல்லாம் பேச்சு அவ்வளவுதான். பால் வந்ததா, கரண்ட் பில் கட்டியாச்சா, கதவைச் சாத்தவா. ஜானகி இருந்தவரை இருவரும் அவள் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள் என்பது அவள் போன பிறகுதான் தெரிந்தது. மகள் அழுது அவர் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியிலும் இல்லை, மயானத்திலிருந்து அவர் திரும்பி வந்தபோதும் இல்லை.

பொங்கல் கழிந்த பிறகு தொலைபேசி மறுபடி அடிக்க ஆரம்பித்தது. எப்போதும் மத்தியானத்தில்தான். எடுத்தால் யாரும் பேசமாட்டார்கள். வெகுதூரத்தில் எங்கோ மழை பெய்கிற மாதிரி ஓர் இரைச்சல். அதற்குள் யாரோ மூச்சு விடாமல் காத்திருக்கிற மாதிரி ஓர் அமைதி. பிறகு 'டக்' என்று துண்டிக்கப்படும். வங்கிக்காரிதான் என்று நினைத்தார்.

"இனிமே இங்க கூப்பிடாதே! எங்களுக்கு எதுவும் வேண்டாம்!" என்று ஒருநாள் கத்தினார்.

இரைச்சல் அப்படியே இருந்தது. கத்திய பிறகு அவருக்கு ஏனோ வங்கிக்காரியிடம் கத்தின மாதிரியே தோன்றவில்லை. டெலிபோன் ஆபீஸில் புகார் கொடுத்தார். லைன்மேன் வந்து கம்பத்தில் ஏறிப் பார்த்துவிட்டு, "லைன் நல்லாத்தான் கீது சார்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஆடி மாதத்தில் இசக்கியம்மாள் வந்தாள். தி.நகர்க்காரி. ஜானகியோடு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், வெளிநாட்டு டிரங்க் கால் பிரிவில், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவள். மகள் பிரசவத்துக்காக ஊருக்குப் போயிருந்ததால் துக்கத்துக்கு வர முடியவில்லை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் காப்பி கலக்க எழுந்தபோது தொலைபேசி அடித்தது. பழக்க தோஷம், இசக்கியம்மாள் சட்டென்று எடுத்துவிட்டாள்.

காதில் வைத்தவளுக்கு முகம் மாறிக்கொண்டே வந்தது. துண்டிக்கப்பட்ட பிறகும் ரிசீவரைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"இது அடிக்கடி வருதா சார்?"

"தினமும் இல்லை. வரும். எவளோ பேங்க்லேர்ந்து..."

"பேங்க் இல்ல சார். இது கடல் தாண்டி வர்ற லைன். இந்த இரைச்சலை வருஷக்கணக்கா கேட்டவ நான். கால் கேட்ட பார்ட்டிய ஆபரேட்டர் கூப்பிட்டு வச்சிட்டு, அந்தப் பக்கம் ஆள் வர்றதுக்குக் காத்திருப்போம்ல, அப்ப இப்படித்தான் இருக்கும்." அவள் ரிசீவரை மெதுவாக வைத்தாள். "யாரோ ரெண்டு பேரச் சேத்து வைக்கப் பாக்காங்க. ஒரு பக்கம் நீங்க. இன்னொரு பக்கம் ஆள் எடுக்கல."

அனந்தராமன் உட்கார்ந்துவிட்டார்.

போவதற்கு முன் இசக்கியம்மாள் இன்னொன்றும் சொன்னாள். சிங்கப்பூரில் ஆற்றங்கரையில் ஒரு பெரிய ஹோட்டல். அதன் டெலிபோன் போர்டில் ஜைதூன் பீ என்று ஒருத்தி. இங்கிருந்து வியாபாரிகள் அந்த ஹோட்டலுக்குக் கால் போடும்போதெல்லாம், ஆளைத் தேடி எடுக்கிற இடைவெளியில் ஜானகியும் ஜைதூனும் பேசிக்கொள்வார்களாம். இரண்டு வார்த்தை, மூன்று வார்த்தை. அப்படியே வருஷங்கள் போய்விட்டன. ஒருத்தி முகத்தை மற்றவள் பார்த்ததில்லை.

"'ரிட்டயர் ஆனதும் ஒரு தடவை அங்க போயி அவ முன்னாடி நிக்கணும்டி'னு சொல்லுவா சார். உங்ககிட்ட சொல்லலையா?"

சொல்லியிருந்தாள். எப்போதோ, சமையலறையிலிருந்து. அவர் பேப்பர் படித்துக்கொண்டே "போலாம் போலாம்" என்றிருந்தார்.

அன்று சாயங்காலம் மகளிடம் ஹோட்டலின் பெயரைச் சொன்னார். மதுவந்தி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அலமாரியிலிருந்து வங்கி அனுப்பிய பளபளப்பான புத்தகத்தை எடுத்து வந்து பிரித்தாள். சிங்கப்பூருக்கு அவர்கள் கொடுத்திருந்தது ஒரே ஒரு ஹோட்டல். அதுதான்.

"அந்த அம்மாவுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டா. நாமதான் போய்ச் சொல்லணும்" என்றார் அனந்தராமன்.

"வருஷாப்தீகம் ஆகட்டும். மார்கழில புக் பண்றேன்" என்றாள் மகள்.

பாஸ்போர்ட் எடுத்தார்கள். கார்த்திகையில் ஜானகியின் முதல் வருஷக் காரியங்கள் எல்லாம் முடிந்தன. வருஷம் திரும்பின கையோடு கப்பல் ஏறுகிற மாதிரி இதென்ன கூத்து என்று உறவில் சிலர் முணுமுணுத்தார்கள். விமானத்தில் அவர்களுக்குக் கிடைத்தது முன்பக்கம், திரைக்கு முன்னால். நாற்காலி அவருடைய வீட்டுக் கட்டிலைவிட அகலம். பணிப்பெண் சூடான ஈரத் துண்டை இடுக்கியில் எடுத்து நீட்டினாள். பழச்சாறு வந்தது. வெள்ளைத் துணி விரித்து, மல்லிகைப்பூ நிறத்தில் பீங்கான் தட்டு வைத்தார்கள்.

அனந்தராமன் தட்டைத் தொடவில்லை.

"சாப்பிடுப்பா."

"இந்த நாற்காலி எந்த ஊசிடி மது? இந்தத் துண்டு எந்த ஸ்கேன்?"

"அப்பா, ப்ளீஸ்."

"உனக்குத் தோணலையா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கீழே கடல் மட்டும் தெரிந்தது. அவள் கழுத்து நரம்பு துடிப்பதை அவர் பார்த்தார். கேட்டது தப்பு என்று பட்டது.

ஹோட்டலின் முன்கூடம் கபாலி கோயில் மண்டபத்தை விட உயரமாக இருந்தது. எங்கேயோ மறைவிலிருந்து பியானோ கேட்டது. வரவேற்பில் இருந்த சீனப்பெண் அவர்கள் பெயரைக் கணினியில் தட்டிவிட்டுச் சிரித்தாள். அடுத்தடுத்த இரண்டு அறைகள், இரண்டும் ஆற்றைப் பார்த்தவை என்று ஆங்கிலத்தில் சொன்னாள். காலையில் வெங்காயம், முட்டை இல்லாத சைவச் சாப்பாடு என்றும் குறித்திருக்கிறதாம்.

"நான் ஒரு ரூம்தானே கேட்டேன்?" என்றாள் மதுவந்தி. "சாப்பாடு பத்தி எதுவும் சொல்லவே இல்லையே."

மேடம்தான் போனில் சொன்னார்களாம். எந்த மேடம் என்று அந்தச் சீனப்பெண்ணுக்குத் தெரியவில்லை. டெலிபோன் பிரிவிலிருந்து எழுதி அனுப்பியிருக்கிறார்கள்.

"ஜைதூன் பீன்னு ஒருத்தர் அங்க இருக்காளா? பாக்க முடியுமா?" என்று அனந்தராமன் கேட்க, மகள் ஆங்கிலத்தில் சொன்னாள்.

சிறிது நேரத்தில் பக்கவாட்டுக் கதவு ஒன்றிலிருந்து ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள் வேகமாக வந்தாள். தலையில் வெளிர்பச்சைத் துணி, மூக்கில் கண்ணாடி, குள்ளமான உருவம். இருவரையும் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது. அவர்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"வாங்க வாங்க! நான்தான் ஜைதூன். எங்க ஜானகி? கார்லேர்ந்து இறங்குறாங்களா?"

அனந்தராமன் மகளைப் பார்த்தார். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத்தான் கடல் தாண்டி வந்திருந்தார்.

"அம்மா தவறிட்டா, ஆன்ட்டி" என்றாள் மதுவந்தி. "போன வருஷம் கார்த்திகைல. உங்களுக்குச் சொல்லத்தான் வந்தோம்."

ஜைதூன் பீயின் சிரிப்பு போகவில்லை. போக மறந்து நின்றது.

"என்னம்மா சொல்றீங்க? போன வாரம் பேசுனாங்களே."

பியானோ வாசித்துக்கொண்டே இருந்தது. ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் பெட்டிகளோடு அவர்களைச் சுற்றிக்கொண்டு போனது.

"வேற யாராவதா இருக்கும்" என்றாள் மதுவந்தி. குரல் கொஞ்சம் கடுமையாக வந்தது.

"அந்தக் குரல எனக்குத் தெரியாதா?" ஜைதூன் பீ பக்கத்திலிருந்த சோபாவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்தாள். "நடுவுல சில மாசம் கூப்பிடவே இல்ல. உடம்பு முடியலைன்னு நெனச்சுக்கிட்டேன். இந்த வருஷம் பொங்கல் தாண்டி மறுபடி கூப்பிட ஆரம்பிச்சாங்க. முன்னெல்லாம் நெறைய பேசுவாங்க. இப்ப ரெண்டு வார்த்தைதான். இரைச்சல் வேற. போன வாரம்தான் கொஞ்சம் தெளிவா இருந்துச்சு."

"என்ன சொன்னா?" அனந்தராமன் கேட்டார்.

ஜைதூன் பீ அவரையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"'எங்காத்துக்காரர் வரார், கூடப் பொண்ணு வரா. ஆத்தைப் பாத்த மாதிரி ரெண்டு ரூம் குடு, பக்கத்துப் பக்கத்துல. ரெண்டு பேரும் பேசிக்கறதே இல்லை ஜைதூன். எத்தனை தடவை போட்டாலும் ஒரு பக்கம்தான் எடுக்கறா'ன்னு. எனக்கு ஒண்ணும் புரியல. நீங்களும் வாங்களேன்னேன். அதுக்குள்ள கட் ஆயிடுச்சு."

மதுவந்தி திரும்பி லிஃப்டை நோக்கி நடந்தாள். ஓடவில்லை. ஆனால் அது ஓட்டம்தான் என்று அவள் அப்பாவுக்குத் தெரிந்தது.

அறையில் எல்லாம் வெண்மையாக இருந்தது. கட்டிலில் நான்கு தலையணைகள். குளியலறையில் பளிங்கு. ஜன்னலுக்கு வெளியே ஆறு வெயிலில் மின்னிக்கொண்டு போயிற்று. ஒரு காலத்தில் சரக்குப் படகுகள் இருந்த இடத்தில் இப்போது சுற்றுலாப் படகுகள். அனந்தராமன் சட்டையைக்கூட மாற்றாமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு கதவு இருந்தது. அந்தப் பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கும். தட்டலாம். தட்டி என்ன சொல்வது?

மத்தியானம் தொலைபேசி அடித்தது.

கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த கருவி. அதே நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கத்திலும் மணி கேட்டது. இரண்டும் ஒரே மூச்சில் அடித்தன. அவர் எடுத்தார். அந்தப் பக்கத்து மணியும் நின்றது.

அதே மழை இரைச்சல்.

"பேசுங்கோ" என்றது ஒரு குரல்.

அவ்வளவுதான். வேலை நேரத்துக் குரல். வீட்டில் அவரை "ஏன்னா" என்று கூப்பிடும்போது இருந்த குழைவு அதில் இல்லை. முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கான பேருக்கு ஜானகி சொன்ன அதே ஒற்றை வார்த்தை.

"ஜானகி?"

"அப்பா?" என்றது வேறு குரல், மிக அருகில். "நீயா கூப்பிட்டே?"

"இல்லைம்மா. நீ?"

"நான் இல்லை."

இரைச்சல். அதற்குள் மூன்றாவதாக ஒருவர் காதை வைத்துக்கொண்டிருக்கிறார் என்பது இருவருக்கும் தெரிந்தது. ஆபரேட்டர் லைனை விட்டுப் போகவில்லை.

"உனக்கும் கேட்டுதா?" என்றார்.

"கேட்டுது."

"பயமா இருக்காடி?"

"இருக்கு." அவள் மூச்சை இழுத்தாள். "அப்பா, வெச்சுடாதே. நான் ஒண்ணு சொல்லணும். இப்ப சொல்லலேன்னா என்னிக்கும் சொல்லமாட்டேன். கடைசி மாசம் ஒருநாள் நீ மருந்து வாங்கக் கீழ போயிருந்தே. அம்மா என் கையைப் பிடிச்சுண்டு, 'போறும்டி, என்னை நம்மாத்துக்கு அழைச்சுண்டு போ'ன்னா. 'உளறாதே, இன்னும் ரெண்டு ஊசி போட்டா சரியாயிடும்'னுட்டேன். மறுநாள் அந்தக் கண்ணாடி ரூமுக்குக் கொண்டு போயிட்டா. அதுக்கப்புறம் அம்மா பேசவே இல்லை. அந்தக் கார்டு... நான்தானேப்பா வாங்கிக் குடுத்தேன். அது மட்டும் இல்லேன்னா பணம் இல்லாம வைத்தியத்தை எங்கயாவது நிறுத்தியிருப்போம். அம்மா ஆத்துல அவ கட்டில்ல போயிருப்பா."

பேச்சு உடைந்தது. ஒரு வருஷமாக அவர் கேட்காத அழுகை சுவர் வழியாகவும் கம்பி வழியாகவும் இரண்டாகக் கேட்டது.

அனந்தராமன் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்கிட்டயும் சொன்னா மது."

அழுகை நின்றது.

"அதுக்கு முந்தின நாளே சொன்னா. 'ஏன்னா, நம்மாத்துக்குப் போயிடலாமே'ன்னா. டாக்டரைக் கேக்கறேன்னேன். கேக்கலை. கேட்டா சரின்னுடுவாரோன்னு பயம். உன்கிட்ட சொல்லலை. சொன்னா, நீ தாங்கமாட்டேன்னு நெனச்சேன்."

"நானும் அதான் நெனச்சேன். உனக்குத் தெரிஞ்சா நீ தாங்கமாட்டேன்னு."

"ஒரே ஆத்துல இருந்துண்டு..." என்றார்.

பிறகு அவர்கள் நிறையப் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்டால் இருவராலும் வரிசையாகச் சொல்ல முடியாது. அம்மா கடைசியாக ரசம் சாதம் கேட்டது, தலைமுடி கொட்டியதும் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு "எப்படி இருக்கேன்?" என்று சிரித்தது, நர்சுக்குத் தன் கைக்கடிகாரத்தைக் கொடுத்தது. நடுவில் ஒருமுறை மதுவந்தி, "அம்மா, லைன்ல இருக்கியா?" என்று கேட்டாள். பதில் வரவில்லை. ஆனால் இரைச்சல் ஒரு நொடி அடங்கி, யாரோ பக்கத்தில் வந்து நின்றது போல ஆயிற்று.

ஆற்றின் மேல் வெயில் இறங்க ஆரம்பித்தபோது 'டக்' என்று ஒரு சத்தம். இரைச்சல் போய்விட்டது. இப்போது அவர் காதில் ஹோட்டலின் வெறும் டயல் டோன் மட்டும் ஒலித்தது.

நடுக்கதவில் தாழ்ப்பாள் விலகியது. மதுவந்தி முகம் வீங்கி நின்றாள். அவர் எழுந்து போய், அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது செய்த மாதிரி, புறங்கையால் அவள் மூக்கைத் துடைத்துவிட்டார்.

கீழே ஜைதூன் பீ வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் காத்திருந்தாள். கையில் ஓதுகிற தஸ்பீஹ் மணிமாலை உருண்டுகொண்டிருந்தது.

"என் போர்டுல உங்க ரெண்டு ரூம் விளக்கும் எரிஞ்சுச்சு" என்றாள். "நான் கனெக்‌ஷன் குடுக்கல. ரூமுக்கு ரூம் போட்டா இப்படி எரியாது. அணைக்கவும் பயமா இருந்துச்சு. அப்படியே பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். ஜானகிதானே?"

அனந்தராமன் தலையை அசைத்தார். ஜைதூன் பீ இரண்டு கைகளையும் ஏந்தி உதட்டுக்குள் ஏதோ ஓதினாள். ஓதி முடித்து முகத்தில் கைகளைத் தடவிக்கொண்டபோதுதான் அவளுக்குக் கண்ணீர் வந்தது. முகம் பார்க்காத சிநேகிதிக்காக, எல்லோரும் வந்து போகிற அந்தக் கூடத்தில், அவள் சத்தமில்லாமல் அழுதாள். மதுவந்தி அவள் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்படி இருப்பாங்க?" என்று கேட்டாள் ஜைதூன் பீ. "நல்ல உயரமா? குரலக் கேட்டா உயரமா இருப்பாங்கன்னு தோணும்."

"இல்லை ஆன்ட்டி. உங்க உயரம்தான்."

மீதி இரண்டு நாளும் அவர்கள் அந்த நகரத்தில் சுற்றினார்கள். ஜைதூன் பீ லீவு போட்டுவிட்டுத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். அவர்களுக்காகப் புதுப் பாத்திரத்தில் சாதமும் பருப்பும் வைத்தாள். காலையில் ஹோட்டலில் வெள்ளி மூடி போட்டு வந்த உப்புமாவை அனந்தராமன் முழுவதும் சாப்பிட்டார். அது எந்த ஊசி என்று அவர் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு மத்தியானமும், எங்கே இருந்தாலும், அவரும் மகளும் பேச்சை நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் சும்மா இருந்தார்கள். எதுவும் அடிக்கவில்லை.

ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் அடிக்கவில்லை. தை பிறந்தது, மாசி போயிற்று. வேண்டாத அழைப்பு நின்றுவிட்டால் நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தவருக்கு, அது இல்லாத மத்தியானங்கள்தான் பெரும்பாடாக இருந்தன. மகளிடம் அதைச் சொன்னார். இப்போதெல்லாம் சொல்ல முடிந்தது.

"எனக்கும்தான்ப்பா" என்றாள் மதுவந்தி. "ஆபீஸ்ல போன் அடிச்சா எடுத்ததும் பேசமாட்டேன். கொஞ்ச நேரம் கேப்பேன்."

"என்ன கேக்கறது?"

"யாராவது 'ஹலோ, ஹலோ'ங்கறா."

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். பிறகு இருவரும் எழுந்து, வெயில் தாழட்டும் என்று தள்ளிப்போட்டிருந்த காய்கறியை வாங்க மாடவீதிக்குக் கிளம்பினார்கள்.